விளக்கமும் கருவிதான்

ஆந்த்ரோபிக் நிறுவனம் தன் கிளாட் மாடலுக்கு இணையத் தேடல் கருவியைக் கொடுத்தபோது ஒரு விசித்திரம் தென்பட்டது. தேவையே இல்லாத இடங்களிலும் மாடல் தேடுசொற்களின் வாலில் ‘2025’ என்று சேர்த்து அனுப்பிக்கொண்டிருந்தது. தேடல் முடிவுகள் ஒருபக்கமாகச் சாய்ந்தன, பதில்களின் தரமும் இறங்கியது. பொறியாளர்கள் அந்தக் கருவியின் விளக்கக் குறிப்பைத் திருத்தி எழுதினார்கள். மாடல் வழிக்கு வந்தது. 2025 செப்டம்பரில் அந்நிறுவனம் வெளியிட்ட பொறியியல் கட்டுரை ஒன்றில் இது போகிற போக்கில் சொல்லப்படுகிறது. என்னைக் கேட்டால் அக்கட்டுரையில் நின்று படிக்க வேண்டிய இடம் அதுதான்.

மென்பொருள் உலகில் ஆவணத்துக்கு என்றைக்கும் கடைசி வரிசைதான். நிரலை எழுதி, சோதித்து, வெளியிடும் நாள் நெருங்கும்போது யாராவது ஒருவர் தலையில் கட்டப்படும் வேலை அது. எழுதாமல் விட்டாலும் நிரல் ஓடும். தப்பாக எழுதினாலும் ஓடும். படிப்பவர்தான் திண்டாடுவார். ஏஐ ஏஜென்ட்கள் வந்தபிறகு இந்தக் கணக்கு செல்லாது. விளக்கத்தில் இரண்டு வாக்கியம் மாறினால் கருவி பயன்படும் விதமே மாறுகிறது என்றால், அந்த வாக்கியங்களை இனி நிரலின் பகுதியாகத்தான் கருத வேண்டும்.

ஏஜென்ட் என்று இன்று சொல்லப்படுவது, பதில் எழுதுவதோடு நிற்காத மொழி மாடல். அது ஒரு கருவியை அழைக்கிறது, வந்த விடையைப் பார்க்கிறது, அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கிறது, வேலை முடியும்வரை இப்படியே சுற்றுகிறது. 2022இல் வந்த ‘ரியாக்ட்’ ஆய்வுத்தாள் இந்தச் சுழற்சிக்கு ஒரு வடிவம் கொடுத்தது. 2023 ஜூனில் ஓபன்ஏஐ தன் ஏபிஐயில், அதாவது வெளி நிரல்கள் அதன் சேவையை அழைக்கும் இடைமுகத்தில், கருவிகளை அழைக்கும் வசதியைத் திறந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை, எந்தக் கருவியையும் எந்த மாடலோடும் இணைக்க ஒரு பொது வழியை வகுத்தது. இவை எல்லாவற்றிலும் ஒரு கருவி மாடலுக்கு அறிமுகமாவது அநேகமாக ஒரே விதத்தில்தான்: ஒரு பெயர், சில வரிகளில் விளக்கம், என்னென்ன உள்ளீடு தர வேண்டும் என்ற பட்டியல். உள்ளே இருக்கும் நிரல் மாடலின் கண்ணில் படுவதே இல்லை. அதைப் பொறுத்தவரை அந்தச் சில வரிகள்தான் கருவி.

மனிதர் ஒரு கையேட்டைப் படிக்கும்போது அது சொல்லாமல் விட்டதை வேறு வழிகளில் நிரப்பிக்கொள்கிறார். பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்கிறார், பழைய மின்னஞ்சலைத் தேடுகிறார், சந்தேகம் வந்தால் சோதனைக் கணக்கில் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார். ‘நீக்கு’ என்ற பொத்தானைக் கண்டால் விரல் ஒரு கணம் தயங்குகிறது. ஆவணம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் அலுவலகங்கள் நடப்பதற்கு இந்தச் சொல்லப்படாத அறிவுதான் காரணம். மாடலும் இடைவெளியை நிரப்புகிறது, ஆனால் எது நிகழக்கூடியதோ அதைக் கொண்டு நிரப்புகிறது. நிரல் எழுதும் 16 மாடல்களைக் கொண்டு 5,76,000 நிரல் மாதிரிகளை உருவாக்கி ஆராய்ந்த 2024ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அவை பரிந்துரைத்த நிரல் தொகுப்புகளில் 19.7 சதவீதம் உலகில் இல்லாதவை என்று கண்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கற்பனைப் பெயர்கள்! ஒவ்வொன்றும் இருந்திருக்க வேண்டியது போலவே ஒலிக்கும். அப்படி ஒரு பெயரில் நச்சுத் தொகுப்பை யாராவது பதிவேற்றி வைத்துக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அந்த ஆய்வாளர்களின் கவலை.

நல்ல ஆவணம் இந்த ஊகத்தைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தும் என்பதற்குச் சான்று உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் 2023இல் உருவாக்கிய ‘கொரில்லா’ மாடல், ஏபிஐ ஆவணத்தைத் தேடி எடுத்துப் படித்துவிட்டு அழைப்பை எழுதியது. ஆவணம் மாறினால் அழைப்பும் அதற்கேற்ப மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டில் கூகுள் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவொன்று இன்னும் நேரடியான கேள்வியை எழுப்பியது: ஒரு கருவியைப் பயன்படுத்த மாடலுக்கு எடுத்துக்காட்டுகள் தேவையா, ஆவணம் மட்டும் போதுமா? எடுத்துக்காட்டே இல்லாமல் ஆவணத்தை மட்டும் கொடுத்தபோதும் மாடல் ஏறத்தாழ அதே தரத்தில் வேலை செய்தது. நூற்றுக்கணக்கான கருவிகள் உள்ள தொகுப்பில் ஆவணமே எடுத்துக்காட்டுகளைவிடத் தெளிவாகக் கூடுதல் பலன் தந்தது. எடுத்துக்காட்டு ஒரு வழியைக் காட்டுகிறது, அந்த வழியிலேயே மாடலைச் சிக்கவும் வைக்கிறது. ஆவணம் கருவியின் எல்லைகளைச் சொல்கிறது.

எல்லைகளைச் சொல்லும் வழக்கம் புதிதல்ல. 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் யூனிக்ஸ் கையேட்டை கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வகத்தில் தொகுத்தார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே அச்சு: பெயர், பயன்படுத்தும் வடிவம், விவரம், அது தொடும் கோப்புகள், தொடர்புடைய பிற கட்டளைகள், பிழைச் செய்திகள், கடைசியில் ‘பக்ஸ்’ என்ற தலைப்பு. தங்கள் நிரல் எங்கே சறுக்கும் என்பதை எழுதியவர்களே ஒப்புக்கொள்ளும் இடம் அது. அதன்கீழ், அந்தக் கட்டளைக்கு யார் பொறுப்பு என்பதும் இருந்தது. விவரித்து எழுத வேண்டுமே என்பதற்காகவே நிரலைச் சீர்செய்வது அந்தக் குழுவின் இயல்பாக இருந்தது என்று அவர்களுடைய துறைத் தலைவர் டக் மெக்கில்ராய் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எழுத முடியாத அளவுக்குக் குழப்பமாக ஒரு கட்டளை இருந்தால் கோளாறு எழுத்தில் இல்லை, கட்டளையில் இருக்கிறது.

இன்று பல நிறுவனங்களின் ஏபிஐ ஆவணங்களைப் பார்த்தால் அந்த ஐந்து பத்தாண்டுப் பழைய தாள்கள் எவ்வளவோ மேல். நிரலிலிருந்து தானாக உருவாக்கப்பட்ட பக்கங்கள் இவை. ‘கெட் யூசர்’ என்ற கருவிக்கு எதிரே ‘யூசரைப் பெறும்’ என்று இருக்கும். பெயரையே திருப்பிச் சொல்வதற்கு எதற்கு ஒரு விளக்கம்? யூசர் இல்லாவிட்டால் வெற்று விடை வருமா, பிழை வருமா? நீக்கப்பட்ட கணக்குகளும் வருமா? எதுவும் இருக்காது.

உள்ளீடுகளில்தான் மிகப் பெரிய பள்ளங்கள். பணத்தை எடுத்துக்கொள்வோம். ரேசர்பே, ஸ்ட்ரைப் போன்ற கட்டணச் சேவைகளின் ஏபிஐயில் தொகையை நாணயத்தின் ஆகச் சிறிய அலகில் தர வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்கு 50000 என்று எழுத வேண்டும், அதாவது பைசாவில். இதைக் கட்டணச் சேவைகளின் ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. சிக்கல் தொடங்குவது, ஒரு கடையோ பள்ளியோ அந்த ஏபிஐயைச் சுற்றித் தனக்கென ஒரு கருவி கட்டி, ஏஜென்ட்டிடம் கொடுத்து, ‘தொகை: எண்’ என்று மட்டும் எழுதிவிடும்போது. வாடிக்கையாளருக்கு 500 ரூபாய் திருப்பிக் கொடு என்று சொன்னால் ஏஜென்ட் 500 என்று அனுப்பும். போய்ச் சேருவது ஐந்து ரூபாய். எதிர்ப்பக்கம் தவறினால் ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்கு ஐம்பதாயிரம் வசூலாகும். ஜப்பானிய யென்னுக்குச் சில்லறை அலகே புழக்கத்தில் இல்லை. அங்கே 500 என்றால் 500தான். எனவே ‘நூறால் பெருக்கு’ என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதும் தவறு. எழுத வேண்டியது இவ்வளவுதான்: தொகை பைசாவில், முழு எண்ணாக, 500 ரூபாய் என்றால் 50000. ஒரே ஒரு வரி. உள்ளீட்டின் பெயரையே ‘பைசாவில் தொகை’ என்று வைத்துவிட்டால் அந்த வரியைப் படிக்கத் தவறினாலும் ஆபத்து குறைவு.

தேதியும் இப்படித்தான். 05/06/2025 சென்னையில் ஜூன் ஐந்து, சிகாகோவில் மே ஆறு. ஆண்டு-மாதம்-நாள் என்ற ஐஎஸ்ஓ 8601 வரிசையைக் கட்டாயமாக்கினால் தீர்ந்தது. நேரமண்டலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களுக்குச் சொந்த அனுபவம் உண்டு. முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம் என்று ஒரு படிவம் கேட்கும். தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் மட்டுமே உள்ள தமிழர் எதை எங்கே நிரப்புவது? குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக உள்ள கடவுச்சீட்டோடு அமெரிக்க விசா வாங்கியவர்களுக்கு, முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகி வந்ததன் சங்கடம் தெரியும். மனிதராவது படிவத்தின் முன் உட்கார்ந்து யோசிப்பார், தொலைபேசியில் கேட்பார். ஏஜென்ட் யோசிக்காமல் முதலெழுத்தைக் குடும்பப்பெயர் ஆக்கிவிடும், அல்லது தந்தையின் பெயரை ஊகித்துக்கூட நிரப்பும். ‘குடும்பப்பெயர் இல்லாதவருக்கு இந்த உள்ளீட்டைக் காலியாக விடவும், ஊகிக்க வேண்டாம்’ என்று ஒரு கருவி சொல்ல வேண்டுமானால், அப்படிப்பட்ட மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது கருவி செய்தவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கருவி எப்போது தேவைப்படும் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். எப்போது அதைத் தொடக்கூடாது என்பதை எழுதுபவர்கள் குறைவு. ஏஜென்ட்டின் முன்னால் நாற்பது கருவிகள் பரப்பி வைக்கப்பட்டிருக்கையில் ‘தேடு’, ‘கண்டுபிடி’, ‘வினவு’ என்று மூன்று கருவிகள் ஏறத்தாழ ஒரே விளக்கத்தோடு நின்றால் அது எதை எடுக்கும்? இதில் எழுத்தால் மட்டும் ஆகாத ஒரு பகுதி உண்டு. நிரலாளர்கள் அன்றாடம் புழங்கும் ‘கிட்’ மென்பொருளில் ‘செக்அவுட்’ என்ற கட்டளை பல்லாண்டுகள் இரண்டு வேலை செய்தது: ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, கோப்பில் சேமிக்காத மாற்றங்களைத் தூக்கி எறிந்து பழைய நிலைக்குக் கொண்டுவருவது. முதலாவது பெரிதாகக் கெடுதல் செய்யாது. இரண்டாவதில் போனது போனதுதான். எவ்வளவு விரிவான கையேடும் இந்த இரட்டை வேடத்தைப் பாதுகாப்பானதாக்கவில்லை. 2019 ஆகஸ்டில் வெளிவந்த 2.23 பதிப்பில் ‘சுவிட்ச்’, ‘ரீஸ்டோர்’ என்று அதைத் தனித்தனிக் கட்டளைகளாகப் பிரித்தார்கள்.

2024 டிசம்பரில் ஆந்த்ரோபிக் பதிவு செய்த இன்னொரு அனுபவம் இதே ரகம். நிரல் திருத்தும் ஏஜென்ட் ஒன்று, வேர் அடைவிலிருந்து வேறு அடைவுக்கு நகர்ந்தபின் கோப்புகளின் சார்புப் பாதையைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. முழுப் பாதையை மட்டுமே ஏற்பதாகக் கருவியை மாற்றினார்கள், தவறு நின்றது. எழுதித் தடுக்க முடியாத தவறை வடிவமைப்பால் தடுக்கலாம் என்றால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். எச்சரிக்கை வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போவது ஆவண எழுத்தாளரின் வேலையை நிரலாளரின் சோம்பலுக்குத் திரையாக்குவது.

ஏஜென்ட் படிக்கும் ஆவணம் விளக்கக் குறிப்போடு முடிவதில்லை. கருவி திருப்பி அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் ஆவணம்தான். யூனிக்ஸின் பழைய ‘எட்’ எழுத்துச் செயலி, எந்தத் தவறு செய்தாலும் ஒரு கேள்விக்குறியை மட்டும் அச்சிடும். அந்தக் காலத்து மேதைகளுக்கு அது போதுமாயிருந்தது, ஏஜென்ட்டுக்குப் போதாது. ‘பிழை 400’ என்று வந்தால் அது அதே அழைப்பை மறுபடி அனுப்பிப் பார்க்கும், அல்லது வேறெதையோ மாற்றிப் பார்க்கும். ‘தேதி 2025-06-05 வடிவில் இருக்க வேண்டும், நீங்கள் அனுப்பியது 05/06/2025’ என்று வந்தால் அடுத்த முறையே திருத்திக்கொள்ளும்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 2024இல் உருவான ‘எஸ்டபிள்யூஇ-ஏஜென்ட்’ ஆய்வு இதை முழுதாக ஒரு வடிவமைப்புக் கொள்கையாக எடுத்துக்கொண்டது. மனிதர்களுக்குத் திரையும் பொத்தானும் வடிவமைப்பதைப் போல மாடலுக்கும் ஓர் இடைமுகம் வடிவமைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். சில கட்டளைகள் வேலையை முடித்துவிட்டு மௌனமாக இருக்கும். மனிதருக்கு அந்த மௌனத்தின் பொருள் தெரியும், மாடல் குழம்பும். அதனால் ‘கட்டளை வெற்றிகரமாக ஓடியது, வெளியீடு எதுவும் இல்லை’ என்று சொல்லும்படி செய்தார்கள். திருத்தம் நிரலின் இலக்கணத்தைக் கெடுத்தால் அதை ஏற்க மறுத்து, என்ன கெட்டது என்று காட்டினார்கள். மென்பொருள் கோளாறுகளைச் சரிசெய்யும் எஸ்டபிள்யூஇ-பெஞ்ச் தேர்வில் அதற்கு முன்பு வரை இருந்த சிறந்த விகிதம் 3.8 சதவீதம். இவர்கள் 12.5 சதவீதத்தை எட்டினார்கள். பயன்படுத்திய மாடலுக்கு அவர்கள் எந்தப் பயிற்சியும் தரவில்லை.

அதே ஆய்வில் இன்னொரு கண்டுபிடிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. கோப்பை ஏஜென்ட்டுக்குக் காட்டும்போது ஒரு தடவைக்கு எத்தனை வரிகள் காட்டலாம்? 30 வரி காட்டினால் சரியாக வரவில்லை. முழுக் கோப்பையும் காட்டினால் இன்னும் மோசம். 100 வரி காட்டியபோது நன்றாக வந்தது. பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடும்போது குன்றக் கூறலை முதலிலும் மிகைபடக் கூறலை அடுத்தும் வைக்கிறார். சாத்திர நூல் எழுதுவோர் எல்லோருக்கும் பொதுவான அந்த அளவுகோலை ஏபிஐ ஆவணத்தின்மேல் வைத்தால் அப்படியே பொருந்துகிறது. மாடலின் நினைவுப் பரப்பு வரம்புக்குட்பட்டது, அதில் ஒவ்வொரு டோக்கனுக்கும், அதாவது சொல் துணுக்குக்கும், விலை உண்டு. நீண்ட உரையின் நடுவே புதைந்த தகவலை மாடல்கள் சரியாக எடுத்தாள்வதில்லை என்று ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் உள்ளிட்டோர் 2023இலேயே காட்டிவிட்டார்கள். எனவே எல்லாவற்றையும் எழுதிவிடுவது தீர்வாகாது. அலகு, வடிவம், விளைவு, மீட்க முடியுமா முடியாதா என்பன முதல் வரிகளில் வர வேண்டும். நிறுவனத்தின் வரலாறும் ‘எளிதான, ஆற்றல்மிக்க’ என்னும் விளம்பர அடைமொழிகளும் வெளியே போகட்டும்.

இவ்வளவு நம்பிக்கையோடு படிக்கப்படும் எழுத்தை யாராவது தவறாகப் பயன்படுத்தாமல் இருப்பார்களா? 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம், இரண்டு எண்களைக் கூட்டும் அப்பாவிக் கருவி ஒன்றைச் செய்து காட்டியது. அதன் விளக்கத்துக்குள், பயனரின் கணினியிலுள்ள ரகசியச் சாவிக் கோப்பைப் படித்து ஓர் உள்ளீட்டில் ஒளித்து அனுப்பும்படி மாடலுக்கு ஒரு கட்டளை இருந்தது. பயனர் திரையில் பார்த்தது கூட்டல் மட்டும்தான். விளக்கத்தையும் ஆணையையும் மாடல் ஒரே எழுத்தாகப் படிப்பதால் வரும் வினை இது. ஒரு கருவி படிக்க மட்டும் செய்யுமா, அழிக்குமா, திரும்ப அழைத்தால் விளைவு இரட்டிக்குமா என்று அறிவிக்கும் குறிப்புகள் எம்சிபியில் 2025இல் சேர்க்கப்பட்டன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம்பகமான இடத்திலிருந்து வராதவரை அந்தக் குறிப்புகளையும் நம்ப வேண்டாம் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. அழிக்கும் கருவி தன்னை ‘படிக்க மட்டும்’ என்று அறிவித்துக்கொள்வதைத் தடுக்க எழுத்தால் முடியாது. அதற்கு அனுமதிகளும் மனித ஒப்புதலும் வேண்டும்.

இயந்திரங்களுக்கென்று தனி ஆவணம் எழுதலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது. 2024 செப்டம்பரில் ஜெரமி ஹோவர்ட் முன்வைத்த ‘எல்எல்எம்ஸ் டாட் டிஎக்ஸ்டி’ என்ற கோப்பு வடிவம் அந்த வகையில் தெரிந்த ஒன்று. ஒரு தளத்தின் சாரத்தையும் முக்கிய ஆவணங்களுக்கான இணைப்புகளையும் மாடல் எளிதாகப் படிக்கும்படி ஒரே இடத்தில் தருவது. வழிகாட்டிப் பட்டியலாக அதில் குறையில்லை. ஆனால் உள்ளடக்கத்தையே இரண்டாக எழுதத் தொடங்கினால் ஆறு மாதத்தில் ஒன்று சொல்வதை மற்றொன்று மறுக்கும். மனிதருக்கு விளங்காத ஆவணம் மாடலுக்கு விளங்கிவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. பைசா விவரத்தை எழுதினால் புதிதாகச் சேர்ந்த நிரலாளரும் பிழைப்பார்.

உண்மையில் புதிதாக வந்திருப்பது ஒரு சோதனை வழி. இதுவரை ஒரு கையேடு நன்றாக இருக்கிறதா என்பது ரசனையைப் பொறுத்த வாக்குவாதம். இப்போது முப்பது நிஜ வேலைகளை எழுதி, கருவியையும் அதன் விளக்கத்தையும் ஏஜென்ட்டிடம் கொடுத்து, எத்தனை முடித்தது, எங்கே தவறான கருவியை எடுத்தது, எந்த உள்ளீட்டில் தடுக்கியது என்று பதிவைப் படித்துப் பார்க்கலாம். விளக்கத்தைத் திருத்தி மறுபடி ஓட்டலாம். முன்னேற்றம் எண்ணாகத் தெரியும். தொழில்நுட்ப எழுத்தாளர்கள் தங்கள் வேலையின் மதிப்பை மேலாளரிடம் நிரூபிக்க இதைவிட நல்ல ஆயுதம் இதுவரை கிடைத்ததில்லை.

ஆகவே கருவி செய்யும் நிறுவனங்களிடம் கேட்பது இதுதான். விளக்கத்தில் ஒரு சொல் மாறினாலும் அதை நிரல் மாற்றமாகவே நடத்துங்கள். அதற்கும் பதிப்பு எண் இருக்கட்டும், இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தரட்டும், வெளியிடும் முன் சோதனை ஓடட்டும். அதை எழுதியவர் பெயரும் பொறுப்பும் பதிவில் இருக்கட்டும். அலகைச் சொல்லாத கருவி ஒன்றால் வாடிக்கையாளருக்கு 500 ரூபாய்க்குப் பதில் ஐந்து ரூபாய் போனால், பதில் சொல்ல வேண்டியவர் அந்தக் கருவியைச் செய்து கொடுத்தவர்தான்.